எந்த ஊரை நினைத்து அழுகிறோம்?

ஒவ்வொரு டிசம்பரிலும் வெளிநாட்டில் படிக்கும் தம்பி, தங்கைகளிடமிருந்து எனக்கு ஒரே மாதிரிச் செய்தி வரும். "அக்கா, ஹாஸ்டலே காலியா கிடக்கு. ஊர் நினைப்பாவே இருக்கு." தனித்தனியாகச் சொல்லிவந்த பதிலை இந்த முறை எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் சமூகவியல் முதுகலை படித்தது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில். டிசம்பர் நடுவில் வகுப்புகள் முடிந்ததும் உடன் தங்கியிருந்த உள்ளூர் மாணவர்கள் பெட்டியோடு கிளம்பிவிட்டார்கள். மாலை மூன்றே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கிறிஸ்துமஸ் அன்று ரயில் ஓடாது, பெரிய கடைகள் திறக்காது. விமானச் சீட்டு எடுத்து வந்துபோகிற வசதி எனக்கு இல்லை. உதவித்தொகையில் வாடகை போக மிஞ்சியது சாப்பாட்டுக்கே சரியாக இருந்தது.

எங்கள் காலனியில் பாதிப்பேர் வேதக்காரர்கள். அதனால் கிறிஸ்துமஸ் எல்லோருக்கும் பண்டிகைதான். வீட்டுக்கு வீடு மூங்கில் நட்டு நட்சத்திரம் கட்டுவோம். எந்த வீட்டில் கறி வெந்தாலும் பக்கத்து வீடுகளுக்குக் கிண்ணம் போகும். அதையெல்லாம் நினைத்து அறைக்குள் அழுதுகொண்டிருந்த நாட்களில்தான் அந்தக் கேள்வி வந்தது. ஊர் நினைப்பு என்கிறோமே, எந்த ஊர்?

நம்மில் பலருக்கு ஊர் வேறு, காலனி வேறு. தேர் ஓடுகிற தெரு ஊர். அந்தத் தேர் திரும்பிப் பார்க்காத இடம் காலனி. ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கி நடந்த என் அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தத் தெருவுக்காக நான் ஏங்கவில்லை. அம்மாவுக்காக, அந்தக் கிண்ணத்துக்காக, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பத்து வீடுகளுக்காக ஏங்கினேன். இதைப் பிரித்துப் பார்த்த பிறகு ஏக்கம் போய்விடவில்லை. ஆனால் 'வெறுத்த இடத்தையே நினைத்து ஏன் அழுகிறோம்' என்ற குழப்பம் போனது.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலும் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. லண்டனில் படித்த காலத்தில் அவர் பசியோடு கிடந்த இரவுகளைத் தனஞ்செய் கீர் தன் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். பம்பாய்க்காரர் ஒருவர் கொடுத்த அப்பளக் கட்டிலிருந்து நாலைந்தைச் சுட்டுத் தின்றுவிட்டு மறுபடியும் படிக்க உட்கார்வாராம். அங்கே பம்பாயில் ரமாபாய் வறுமையோடு குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார். அதே அம்பேத்கர்தான், வெளிநாட்டில் இருந்த ஆண்டுகளில் தான் தீண்டத்தகாதவன் என்ற உணர்வே மறைந்துபோயிருந்ததாக 'வெயிட்டிங் ஃபார் எ விசா' நினைவுக்குறிப்பில் சொல்கிறார். 1917-ல் பரோடா திரும்பியபோது தங்க இடம் கிடைக்கவில்லை. அடையாளத்தை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. வீட்டை நினைத்து ஏங்குவதும், அந்த நாட்டின் சாதியை நினைத்துக் கொதிப்பதும் ஒரே மனதில் இருக்க முடியும்.

விடுமுறையில் தனியாக இருக்காதே, நம்மவர்களோடு சேர்ந்து இரு என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் ஒரு இந்திய மாணவர் விருந்துக்குப் போனேன். "எந்த ஊர்?" என்று ஆரம்பித்தது. "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று நகர்ந்தது. "குலதெய்வம் எது?" என்று வந்து நின்றது. எதற்காகக் கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதா? சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன், மறுபடி போகவில்லை. அப்படிப்பட்ட இடத்துக்குப் போகாமல் இருப்பது கூச்ச சுபாவம் இல்லை. அங்கே கிடைக்கும் துணையைவிடத் தனிமையே மேல்.

எனக்குத் துணை கிடைத்தது எங்கள் தளத்துச் சமையலறையில். ஊருக்குப் போக முடியாத ஒரு நைஜீரியத் தோழியும் ஒரு வங்கதேசத் தோழரும் இருந்தார்கள். கடையில் மாட்டுக்கறி மற்றக் கறிகளோடு ஒரே அலமாரியில் இருந்தது. அம்மா கொடுத்தனுப்பிய மிளகாய்த்தூளைப் போட்டு வைத்தேன். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. இருவரும் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்கள்.

இன்னொன்று. நம்மை வழியனுப்பக் காலனி முகப்பில் ஃபிளெக்ஸ் வைத்திருப்பார்கள். அந்தப் படத்தில் சிரித்தபடி இருக்கும் நாம், போனில் "கஷ்டமா இருக்கு" என்று எப்படிச் சொல்வது? அம்மாவிடம் "நல்லா இருக்கேம்மா" என்றே சொல்வோம். சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். அக்காவோ, பழைய ஆசிரியரோ, இயக்கத் தோழரோ. தனி ஆளாக அல்ல, ஒரு காலனியின் முதல் ஆளாகப் போயிருக்கிறோம். அந்தப் பாரத்தோடு வருகிற அழுகை நன்றிகெட்டதனம் ஆகாது.

சில நடைமுறை விஷயங்கள். நண்பகலில் வெளிச்சம் இருக்கும்போதே அரைமணி நேரம் வெளியே நடங்கள். குளிர்காலத்தில் இங்கிலாந்துக்கும் நமக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். அங்கே பிற்பகல் மூன்று என்றால் இங்கே இரவு எட்டரை. வீட்டுக்குப் பேச அந்த நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் ஊர்ப் படங்களைப் புரட்டாதீர்கள். விடுமுறைக்கு முன்பே யார் யார் தங்குகிறார்கள் என்று கேட்டு ஒரு நாளாவது சேர்ந்து சமைக்கத் திட்டமிடுங்கள். முடிந்தால் லண்டனில் கிங் ஹென்றி சாலை 10-ஆம் எண் வீட்டைப் போய்ப் பாருங்கள். 1921-22-ல் அண்ணல் வாழ்ந்த வீடு.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அதை ஊர் நினைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். மருத்துவரையும் பல்கலைக்கழக ஆலோசகரையும் பாருங்கள். பிரிட்டனில் இருப்பவர்கள் சமாரிட்டன்ஸ் அமைப்பை 116 123 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

இங்கே இருக்கும் தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் காலனியிலிருந்து போனவருக்கு இந்த விடுமுறையில் போன் செய்யுங்கள். "எப்ப முடியும், வேலை கிடைக்குமா" என்று ஆரம்பிக்காதீர்கள். "சாப்டியா?" என்று கேளுங்கள். அவர் பேசட்டும்.

ஜெய்பீம்.