வாட்சன் ஹோட்டலில் தங்காத விருந்தினர்

மும்பையின் காலா கோடாவில் சிதைந்து நிற்கும் எஸ்பிளனேட் மேன்ஷன் ஒருகாலத்தில் வாட்சன் ஹோட்டலாக இருந்தது. இங்கிலாந்தில் வார்க்கப்பட்ட அதன் இரும்புச் சட்டகம் கப்பலில் வந்து, 1860களின் இறுதியில் பொருத்தப்பட்டது. 1896 ஜூலை 7 அன்று லூமியர் சகோதரர்களின் சலனப்படங்கள் இந்தியாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டதும் இங்குதான். அதே ஆண்டில் இங்குத் தங்கிய மார்க் ட்வைன், பம்பாய்க் காகங்களைப் பற்றித் தம் பயணநூலில் நகைச்சுவையோடு எழுதினார்.

ஆயினும் இவ்விடுதியோடு மிகுதியும் பேசப்படும் பெயர், அங்கே தங்காத ஒருவருடையது. இந்தியர் என்பதால் ஜாம்ஷெட்ஜி டாடா அனுமதி மறுக்கப்பட்டார் என்றும், அந்த அவமானமே 1903இல் தாஜ்மகால் ஹோட்டலாக எழுந்தது என்றும் கதை வழங்குகிறது. வரலாற்றாய்வாளர் சிலர் இதனை ஐயுறுகின்றனர். பிளேக் நோயால் நலிந்த நகருக்கு மதிப்பை மீட்டுத்தரும் விருப்பமே காரணம் என்பர்.

கதை ஐயத்துக்குரியது, விலக்கல் ஐயத்துக்குரியதன்று. பம்பாயின் பைக்குல்லா கிளப் இந்தியரை உறுப்பினராக ஏற்றதில்லை. விருந்தினர் பதிவேடு நுழைந்தவரை மட்டுமே எழுதும். திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அதில் வரியில்லை. அவ்வரியைச் செவிவழிக் கதை எழுதிவைக்கிறது. ஆனால் அதுவும், மறுமொழியாக மற்றொரு விடுதியையே கட்டவல்ல செல்வரை மட்டுமே நினைவுகூர்கிறது. ஏனையோரை எந்த ஆவணத்தில் தேடுவது?