பாட்டனின் பிறப்புச் சீட்டு

நாடுகளுக்கிடையே கீறப்படும் எல்லையைப் படத்திற் காணலாம். மனிதர் மீது கீறப்படும் எல்லையை அவர்தம் வாழ்விலேதான் காண முடியும். பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே கிடக்கும் அல்சாஸ் மாநிலம் 1871இல் ஜெர்மனிக்குப் போயிற்று. 1918இல் பிரான்சிடம் வந்தது. 1940இல் மீண்டும் ஜெர்மனியின் கையிற் சிக்கி, 1945இல் மறுபடியும் பிரான்சுடன் சேர்ந்தது. வீட்டை விட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறிய மக்கள் அவர்கள்!

நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்கே, பல்லேகமவில் வாழும் நாம் இவ்வரலாற்றை ஏன் எண்ண வேண்டும்? மலைக்கு மேற்கே ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத் தோட்டங்களில் வாழும் நம் மக்களின் கதையும் இதுவே என்பதனால்தான்.

1918இன் இறுதியில் பிரெஞ்சு நிர்வாகம் அல்சாஸ் மக்களை நான்கு வகையாகப் பிரித்து அடையாள அட்டை வழங்கிற்று. பெற்றோரும் பாட்டனாரும் யார், எங்கிருந்து வந்தவர் என்பதே அதற்கு அளவுகோல். ஜெர்மன் வழியினர் எனக் குறிக்கப்பட்டோர் பலர், அம்மண்ணிலே பிறந்திருந்தும் வெளியேற்றப்பட்டனர்.

முப்பது ஆண்டுகளின் பின் இலங்கையில் என்ன நடந்தது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இங்கு பிறந்தவனையும் நோக்கி, 'உன் தந்தை இங்கு பிறந்தாரா? இல்லையேல், பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தனரா?' எனக் கேட்டது. பிறப்புப் பதிவு கட்டாயமாகாத காலத்தில் லயத்துக் காம்பிராவிற் பிறந்தவனுக்கு எந்த ஏடு சாட்சி சொல்லும்? 1947இல் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952 தேர்தலிற் பெரும்பாலும் வாக்கற்று நின்றனர். அவ்வெழுவருள் ஒருவர், தேயிலைத் தோட்ட வாழ்வைக் கவிதையாக்கிய ஸி. வி. வேலுப்பிள்ளை.

1964 அக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு பின்னர் பார்க்கப்படும்! 1974இல் அதையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்த சமசமாஜக் கட்சி, 1964இல் இவ்வொப்பந்தம் செய்த அரசில் அங்கம் வகித்தது. இதனை இடதுசாரிகளாகிய நாம் மறைத்தல் தகாது.

இங்கே 'கள்ளத்தோணி' என்று இகழப்பட்டவர்கள், கூடலூரிலும் கோத்தகிரியிலும் போய் இறங்கியதும் 'சிலோன்காரர்' ஆயினர். இரு கரையும் தன்னவர் என்று சொல்லவில்லை.

அப்படியாயின் ஒரு மக்களின் அடையாளம் எது? மொழி ஒன்றே என விடையிறுக்கத் தமிழாசிரியராகிய நமக்கு ஆசை எழும். அல்போன்ஸ் தோதேயின் 'கடைசி வகுப்பு' என்னும் கதையில், அல்சாஸ் பள்ளி ஒன்றிலே பிரெஞ்சுப் பாடம் முடிவதை எண்ணி ஆசிரியர் கலங்குகிறார். ஆனால் அல்சாஸ் மக்களுட் பெரும்பாலோர் வீட்டிற் பேசியது ஜெர்மானியக் கிளைமொழி. அதனையே காட்டி அவர்களை ஜெர்மானியர் என்றது ஒரு அரசு. அதனையே பள்ளியிலிருந்து விரட்டியது மற்றோர் அரசு. மொழியை மட்டும் சான்றாக்கினால், தமிழ் பேசும் நம் மாணவனைக் கடலுக்கு அப்பால் அனுப்ப நினைப்பவர்க்கே நாம் துணை போவோம்.

நம் பழந்தமிழ் இலக்கணம் வேறொரு வழி காட்டுகிறது. திணைக்கு முதற்பொருள் நிலமும் பொழுதும். அந்நிலத்துத் தொழிலும் உணவும் பறையும் கருப்பொருள். பாட்டனின் பிறப்புச் சீட்டு அப்பட்டியலில் இல்லை! காட்டை அழித்துக் கோப்பியும் தேயிலையும் நட்டு, ஆங்கிலச் சொல்லையும் 'பெரட்டு' என்று தமிழாக்கி, காமன் கூத்தை மலைமேல் ஆடிய மக்கள், தம் உழைப்பினால் இம்மண்ணை உரிமையாக்கிக் கொண்டவர்கள்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோர் நிலையை நீக்கிற்று. ஆயினும் லயங்களில் வாழும் பல குடும்பங்களுக்கு, தாம் குடியிருக்கும் நிலத்துக்கு இன்றும் உறுதி இல்லை. 2023இல், முன்னோர் வந்த 200 ஆண்டுகளை நினைந்து, தலைமன்னாரிலிருந்து நம் மாத்தளை வரை அவர்கள் நடந்தே வந்தனர். பாட்டன்மார் கூலிக்கு நடந்த வழியிற் பேரர்கள் உரிமைக்காக நடந்தனர்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! 1948ஐயும் 1964ஐயும் சிங்கள வகுப்பிலும் தமிழ் வகுப்பிலும் ஒருங்கே கற்பிப்போம். குடியுரிமைக்கு அடுத்த படி காணியுரிமை. அதனைக் கேட்கும் குரல் தோட்டத்துக் குரலாக மட்டும் நின்றுவிடலாகாது. பல்லேகமவின் குரலும் அதனோடு சேர வேண்டும்.