எப்போ மாமா பறப்பான்?

ஏழு வயசுப் பையனிடம் பொய் சொல்லக்கூடாது சார். பெரியவர்கள் என்றால் மறந்துவிடுவார்கள். இல்லையென்றால் பதிலுக்கு அவர்களும் ஒரு பொய் சொல்லிக் கணக்கை நேர் செய்துகொள்வார்கள். ஏழு வயசு அப்படியில்லை. வசூலாகிற வரைக்கும் பாக்கியைத் தூக்கிக்கொண்டே அலையும்.

2012 ஆகஸ்ட் 31. 'முகமூடி' ரிலீஸ். மிஷ்கின் டைரக்‌ஷன், ஜீவா ஹீரோ. தமிழின் முதல் சூப்பர் ஹீரோ படம் என்று விளம்பரம். அப்போது நான் பி.காம். முடித்துவிட்டு ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர்களுக்கு டிக் அடித்துக்கொண்டிருந்தேன். வீடு தாமல். சென்னை - பெங்களூரு ஹைவேயில், காஞ்சிபுரம் தாண்டியதும் கடல் மாதிரி ஓர் ஏரியைப் பார்த்து, "இது எந்த ஊருங்க?" என்று பஸ்ஸில் கேட்பீர்களே, அந்த ஊர்தான். பக்கத்து சீட்காரர் பதில் சொல்வதற்குள் தாண்டிப் போய்விடும்.

அக்கா வீட்டுக்காரருக்கு குவைத்தில் வேலை. அதனால் அக்காவும் பையனும் எங்களோடுதான் இருந்தார்கள். பையனுக்கு அப்பா என்றால் வெள்ளிக்கிழமை போனில் வருகிற குரல். மற்ற ஆறு நாளும் நான்தான். பள்ளிக்கூடத்தில் விடுவது, சைக்கிள் பழக்குவது, சூரியன் ராத்திரி எங்கே போகிறது என்பதற்கு விளக்கம் சொல்வது, எல்லாம் மாமன் டிபார்ட்மென்ட்.

சுவரில் போஸ்டரைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு ஒரே கேள்வி.

"அவன் பறப்பானா மாமா?"

"பின்னே? பறக்காம சூப்பர் ஹீரோ ஏதுடா?"

இதுதான் நான் செய்த தப்பு. விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 'அஞ்சாதே', 'யுத்தம் செய்' இரண்டையும் பார்த்தவன் நான். மிஷ்கின் படத்தில் ராத்திரி வேளையில் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள், கேமரா அவர்கள் காலையே பார்த்துக்கொண்டிருக்கும் என்பது தெரியும். ஆள் நிமிர்வதற்கே நேரம் ஆகும், பறப்பதாவது! ஆனால் போஸ்டரில் முகமூடி இருந்ததே. என் ஞாபகத்தில் இருந்தது 1997-ல் தூர்தர்ஷனில் ஆரம்பித்த சக்திமான். பம்பரம் மாதிரி சுற்றுவார், மேலே போவார், கெட்டவன் காலி. இந்தி புரியாவிட்டாலும் நியாயம் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி. கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வருவேன் என்று அடம்பிடித்து, அப்படியே காஞ்சிபுரம் பஸ் ஏறினான். கண்டக்டர் சல்யூட் வேறு அடித்தார்.

படம் ஆரம்பித்தது. ஹீரோவுக்கு புரூஸ் லீ பைத்தியம். குங்ஃபூ சண்டைகள் நிஜமாகவே நன்றாக இருந்தன. ஆனால் சண்டைக்கும் சண்டைக்கும் நடுவில் இருட்டு. நிதானம். மறுபடி இருட்டு.

"எப்போ மாமா பறப்பான்?"

"இன்டர்வல் முடிஞ்சதும் பறப்பான்."

இன்டர்வல் முடிந்தது. பாப்கார்னும் முடிந்தது. முன் சீட்டில் ஒருவர், "இன்னாப்பா, கரன்ட் பில்லு கட்டலியா? ஒரே இருட்டா கீதே" என்றார். தியேட்டரில் அன்றைக்கு விழுந்த பெரிய கைதட்டல் அவருக்குத்தான்.

"மாமா... இப்போ?"

"கிளைமாக்ஸ்லடா."

கிளைமாக்ஸும் வந்தது. முகமூடி போட்டவன் நரேனோடு உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டான். ஜெயித்தான். பறக்கவில்லை. லைட்டைப் போட்டார்கள். பையன் துண்டை அவிழ்த்து நாலாக மடித்து என் கையில் கொடுத்தான். வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அது பரவாயில்லை. அக்டோபரில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அப்பா தீபாவளிக்கு வந்துடுவாருடா" என்றேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான்:

"இன்டர்வல் முடிஞ்சதுமா?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. (அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பொங்கல் கழித்துத்தான் வந்தார். பாக்கி இரண்டாகிவிட்டது.)

ரொம்ப நாளைக்கு மிஷ்கின் மேல் கோபமாக இருந்தேன். ஆபீஸ் டீ நேரத்தில் வேறு பாட்டுப் பாடினேன். "நம்ம ஜனங்களுக்குப் பொறுமை கிடையாது சார். ஸ்லோவா, இருட்டா எடுத்தா ஓடாது." எல்லோரும் தலையாட்டினார்கள். வடை சாப்பிடும்போது யார் என்ன சொன்னாலும் தலையாட்டத்தான் செய்வார்கள்.

அடுத்த கோடையில் பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம். எங்கள் பக்கத்தில் இது பெரிய விசேஷம். பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி தெருக்கூத்து. அப்பாவோடு நானும் பையனும் போனோம். அன்று கர்ண மோட்சம். பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தது. முதலில் கட்டியக்காரன் வந்து கிண்டல் பண்ணிவிட்டு, இன்றைக்கு என்ன கதை, யார் வரப்போகிறார், அவருக்கு என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார். பிறகு இரண்டு பேர் ஒரு திரையைப் பிடிக்க, அதற்குப் பின்னால் நின்று கர்ணன் தன் பெருமையைப் பாடுகிறார், பாடுகிறார், பாடிக்கொண்டே இருக்கிறார். கிரீடமும் புஜக்கட்டையுமாய் அவர் திரையை விட்டு வெளியே வருவதற்குள் நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிட்டேன்.

முகத்தில் அரிதாரம், விசேஷ டிரஸ், பிறவியிலேயே கவச குண்டலம். இதைவிட ஒரு சூப்பர் ஹீரோ உண்டா? கதையோ இருட்டிலும் இருட்டு. அம்மா கைவிட்டவன், குரு சபித்தவன், தேர்ச் சக்கரம் மாட்டிச் சாகிறவன். அவன் செத்து முடிப்பதற்குக் கிழக்கு வெளுத்துவிட்டது. மண் தரையில் பாயை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு கிழவியும் எழுந்து போகவில்லை. பொறுமை இல்லாத ஜனங்களாம்!

பையனும் தூங்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். விடியற்காலை டீக்கடையில் கேட்டேன்.

"ஏன்டா, இவன் மட்டும் பறந்தானா? இதை ராத்திரி பூரா பார்த்தியே?"

"கட்டியக்காரன் பறப்பான்னு சொல்லவே இல்லியே மாமா."

பி.காமில் மூன்று வருஷம் படித்தும் எனக்கு ஏறாதது அன்றைக்குத்தான் ஏறியது. கஸ்டமரிடம் அட்வான்ஸ் வாங்கினால் அது வருமானம் இல்லை, கடன். சரக்கைக் கொடுக்கிற வரைக்கும் பொறுப்புகள் பக்கத்தில்தான் எழுத வேண்டும். போஸ்டரும் அப்படித்தான். 'சூப்பர் ஹீரோ' என்று ஒட்டியதும் தமிழ்நாடு பூராவும் பொடியன்களிடம் அட்வான்ஸ் வசூலாகிவிட்டது. மிஷ்கின் கொடுத்தது வேறு சரக்கு. மட்டமான சரக்கு என்று நான் சொல்லவில்லை, வேறு சரக்கு. என் கேஸில் போஸ்டர்காரர்களைக்கூடக் குற்றம் சொல்ல முடியாது. பறப்பான் என்று அட்வான்ஸ் வாங்கியவன் நான்.

அடுத்த வருஷமே, 2013-ல், 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' எடுத்தார். குண்டடிபட்ட ஒருவன், ஒரு மெடிக்கல் மாணவன், ராத்திரி நேரத்துச் சென்னை. பாட்டே கிடையாது, இளையராஜாவின் பின்னணி இசை மட்டும். 'முகமூடி'யைவிட இருட்டு. இமை கொட்டாமல் பார்த்தேன். யாரும் பறப்பதாக எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

அமெரிக்காக்காரனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பேட்மேன் 1939-லேயே காமிக்ஸில் வந்துவிட்டான். 1966-ல் டி.வி.யில் ஒரே கூத்து. குத்து விட்டால் 'டமால்' என்கிற மாதிரி எழுத்தே திரையில் வந்து நிற்கும். (எங்கள் ஊர்ப் பெயர் மாதிரியே இருக்கிறது!) அப்படி மூன்று தலைமுறை சாப்பிட்டு ஏப்பம் விட்டவர்களைத்தான் 2005-ல் கிறிஸ்டோபர் நோலன் இருட்டுக்குள் கூட்டிப்போனார். நமக்கோ முதல் பந்தியிலேயே சுக்குக் கஷாயம். சர்க்கரைப் பொங்கல் எங்கே என்று பிள்ளைகள் கேட்காமல் என்ன செய்யும்?

2023-ல் வந்த 'மாவீர'னில் பயந்தாங்கொள்ளி சிவகார்த்திகேயனுக்கு மேலே இருந்து ஒரு குரல் கேட்கும். அவன் கதையை அவனுக்கே சொல்லும். விஜய் சேதுபதியின் குரல். எனக்கென்னவோ கட்டியக்காரன் வேலை மாறிப் போய்விட்டான் என்றுதான் தோன்றியது.

நம்ம பாக்கிக்கு வருகிறேன். 2022 மார்ச். பையனுக்குப் பதினேழு வயசு. அரும்பு மீசை, என்னைவிட உயரம். "மாமா, 'தி பேட்மேன்' வந்திருக்கு, போலாமா? டிக்கெட் நான் போட்டுட்டேன்" என்றான். பத்து வருஷத்தில் சினிமாவுக்கு அவனாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சென்னையில் ஒரு மாலில் சீட்டில் உட்காரும்போதே சொன்னான்:

"முன்னாடியே சொல்லிடறேன். கிட்டத்தட்ட மூணு மணி நேரம். ஒரே இருட்டு, ஒரே மழை. மெதுவாத்தான் போகும். தூக்கம் வந்தா தூங்கிடு, நான் எழுப்ப மாட்டேன்."

தூங்கவில்லை. ஆனாலும் நடுவில் சும்மா இருக்க முடியாமல் அவன் காதருகே போய்க் கேட்டேன்.

"எப்போடா பறப்பான்?"

திரும்பிப் பார்த்தான். இருட்டில் முகம் சரியாகத் தெரியவில்லை.

"பறப்பான் மாமா. ஆனா விழுந்துடுவான்."

அவன் சொன்னபடியே பேட்மேன் ஒரு கட்டடத்தின் உச்சியில் இருந்து குதித்துப் பறந்தான். பாலத்தில் மாட்டி, ரோட்டில் விழுந்து உருண்டு, தட்டுத்தடுமாறி எழுந்து போனான். பையன் பாப்கார்னை என் பக்கம் நீட்டினான்.