இல்லாத அணியின் பயிற்சியாளர்

அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்த ஊர் எவன்ஸ்டன். அங்குள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தன் மகளிர் லக்ரோஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகக் கெல்லி அமாண்டே ஹில்லர் என்பவரை அமர்த்தியது. அவர் அப்போது முப்பது வயதை எட்டாதவர். பதவி இருந்தது, அலுவலகம் இருந்தது, அணிதான் இல்லை. பல்கலைக்கழகம் அதனை 1992லேயே கலைத்துவிட்டிருந்தது. மாணவியர் சிலர் பொழுதுபோக்காகக் கூடி ஆடும் மன்றமாக மட்டுமே அவ்விளையாட்டு அங்கு உயிர்பிழைத்திருந்தது.

தொட்டிலாட்டும் கோல்

லக்ரோஸ் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். நுனியில் வலை கட்டிய கோலால் சிறிய ரப்பர்ப் பந்தை ஏந்தி, ஓடி, எறிந்து, எதிரணியின் கோல் வலைக்குள் செலுத்த வேண்டும். வட அமெரிக்கத் தொல்குடியினர் கண்ட விளையாட்டு இது. ஹோடனோசோனி மக்கள் இதனைப் படைத்தவன் மகிழும் ஆட்டமாகப் போற்றினர். நோயுற்றோர் நலம்பெற வேண்டியும் ஆடினர். இன்றைய பெயர் பிரெஞ்சுக்காரர் இட்டது.

மகளிர் ஆட்டத்தில் ஓர் அணிக்குப் பன்னிருவர். ஆடவர் ஆட்டத்தில் உள்ளதுபோல் உடலால் மோதித் தள்ளுவதற்கு இங்கு இடமில்லை. மகளிர் கோலின் வலை ஆழம் குறைந்தது. ஆகவே பந்து எந்த நொடியிலும் நழுவும். அதை நழுவவிடாமல் ஓட, கோலை இடமும் வலமுமாக ஓயாது அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த அசைவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயருக்குத் 'தொட்டிலாட்டுதல்' என்றே பொருள். பெயர் பொருத்தமானது, ஆனால் இத்தொட்டிலை முழுவேகத்தில் ஓடியபடியே ஆட்ட வேண்டும்!

இன்னொரு விதியையும் அறிதல் நலம். ஒவ்வொரு கோலுக்குப் பின்னும் பந்து நடுக்களத்துக்குத் திரும்புகிறது. இரு அணிக்கும் ஒருவராக இருவர் தம் கோல்களை ஒட்டிப் பிடிக்க, இடையில் பந்து வைக்கப்படுகிறது. நடுவரின் ஊதல் ஒலித்ததும் இருவரும் பந்தை மேலே இழுத்தெறிவர். அதைக் கைப்பற்றும் அணிக்கே அடுத்த வாய்ப்பு. ஆகவே, கோல் போட்ட அணியே மீண்டும் பந்தைப் பெற்று அடுக்கடுக்காகக் கோல் போட முடியும். பெரிய முன்னிலையும் சில நிமிடங்களில் கரைந்துபோவது இதனால்தான்.

ஆசிரியர் விட்டுச்சென்ற இடம்

கெல்லி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹிங்கம் ஊரினர். அண்ணன் டோனி அமாண்டே ஐஸ் ஹாக்கியில் புகழ்பெற்ற வீரர். கெல்லி மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்ற அணியில் ஆடினார். அங்கு அவருடைய பயிற்சியாளர் சிண்டி டிம்சால். 1995 முதல் 2001 வரை மேரிலாந்து தொடர்ந்து ஏழு முறை பட்டம் பெற்றது அவர் காலத்தில்தான்.

அந்த டிம்சால் 1982 முதல் 1990 வரை பணியாற்றிய இடம் நார்த்வெஸ்டர்ன். அவர் நீங்கிய இரண்டாண்டுகளில் அங்கு அணி கலைந்தது. ஆசிரியர் ஒருகாலத்தில் வளர்த்து, பின்பு அழிந்துபோன அணியை மீட்டெழுப்பும் பணிதான் மாணவிக்கு வாய்த்தது.

பணி எளிதன்று. மேரிலாந்து, நியூயார்க், பென்சில்வேனியா போன்ற கிழக்கு மாநிலங்களில்தான் பள்ளிச் சிறுமியர் கையில் லக்ரோஸ் கோல் இருந்தது. அங்குள்ள சிறந்த ஆட்டக்காரர்கள் தம் வீட்டருகே உள்ள புகழ்பெற்ற அணிகளை விட்டு, பெயரே இல்லாத ஓர் அணியை நாடி ஏன் வர வேண்டும்? வந்தவர் சிலரே. கெல்லி அவர்களோடு நின்றுவிடவில்லை. வளாகத்தில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த இரட்டைச் சகோதரியரைக் கண்டார். லக்ரோஸ் கோலைப் பிடித்தே அறியாதவர்கள் அவர்கள். அவர்களுடைய ஓட்டத்தைப் பார்த்து அணிக்கு அழைத்தார். ஆட்டம் அறிந்தவரைத் தேடி அலைவதினும் ஓட வல்லவருக்கு ஆட்டம் கற்பிப்பது எளிது என்னும் துணிவு அது. எல்லாப் பயிற்சியாளருக்கும் அத்துணிவு வருவதில்லை. வந்தாலும், கற்பிக்கும் பொறுமை உடன் வருவதில்லை.

2002இல் அணி முறைப்படி களம் இறங்கியது. அவ்வாண்டு வெற்றியினும் தோல்வியே மிகுதி. 2005இல் ஆடிய 21 ஆட்டங்களிலும் வென்றது. இறுதியாட்டத்தில், முந்தைய ஆண்டின் பட்டம் பெற்றிருந்த வர்ஜீனியாவை 13–10 என வீழ்த்தியது. அந்த இரட்டையரும் அணியில் இருந்தனர். கிழக்குக்கு வெளியே இருந்து வந்த ஓர் அணி மகளிர் லக்ரோஸ் தேசியப் பட்டம் வென்றது அதுவே முதன்முறை.

வெற்றி பெற்ற அணியை வெள்ளை மாளிகைக்கு அழைத்தனர். குடியரசுத் தலைவருடன் எடுத்த படத்தில் சில மாணவியர் ரப்பர்ச் செருப்பு அணிந்திருந்தனர். நாளேடுகள் பட்டத்தைப் பேசியதைவிடச் செருப்பைப் பேசியதே மிகுதி. மாணவியர் அச்செருப்புகளை ஏலத்தில் விட்டு, கிடைத்த தொகையை மூளைக்கட்டியால் துன்புற்ற ஒரு சிறுமிக்காக வழங்கினர்.

பதினோராண்டு

2005 முதல் 2009 வரை ஐந்து பட்டங்கள் தொடர்ந்து வந்தன. 2010 இறுதியில் மேரிலாந்து 13–11 என வென்றது. அவ்வணியின் பயிற்சியாளர் கேத்தி ரீஸும் டிம்சாலின் மாணவியே. கெல்லியுடன் ஒரே அணியில் ஆடியவர். மறு ஆண்டு இறுதியில் அதே இரு அணிகள் மோதின. இம்முறை நார்த்வெஸ்டர்ன் 8–7 என ஒரே கோலில் வென்றது. ஆசிரியர் டிம்சாலோ அதற்கு முன்பே மேரிலாந்தை விட்டு, அனாபொலிஸில் உள்ள கடற்படைக் கல்விக்கழகத்துக்குச் சென்று, மன்றமாக இருந்த குழுவை 2008இல் முழு அணியாகக் களமிறக்கியிருந்தார். மாணவி சென்ற வழியில் ஆசிரியர் சென்றார் என்றே கூறலாம்.

2012இல் கெல்லி ஏழாம் பட்டத்தைப் பெற்றார். அதன்பின் பட்டம் வரவில்லை. அணி நலிந்துவிடவில்லை, பலமுறை அரையிறுதிவரை வந்து திரும்பியது. 2022 அரையிறுதியில் வட கரோலினாவுக்கு எதிராக எட்டு கோல் முன்னிலை பெற்றிருந்தது. நடுக்களத்துப் பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரணியின் வலையில் சிக்கின. ஆட்டம் முடிந்தபோது கணக்கு 15–14, தோற்றது நார்த்வெஸ்டர்ன். தலைசிறந்த ஆட்டக்காரரான இசி ஸ்கேன் முழங்கால் காயத்தால் அவ்வாண்டு முழுவதும் களத்துக்கு வெளியே இருந்தார்.

அடுத்த ஆண்டின் முதல் ஆட்டத்திலும் தோல்வியே. பிறகு நடந்த 21 ஆட்டங்களிலும் அணி வென்றது. மீண்டு வந்த ஸ்கேன் அவ்வாண்டின் தேவாரட்டன் விருதைப் பெற்றார். மோஹாக் மொழியில் இவ்விளையாட்டுக்கு வழங்கும் பெயரே அவ்விருதின் பெயர். 2023 மே மாத இறுதியாட்டத்தில் நார்த்வெஸ்டர்ன் பாஸ்டன் கல்லூரியை 18–6 என வென்றது. முந்தைய பட்டத்துக்கும் இதற்கும் இடையே பதினோராண்டுகள். அவ்வணியின் முதலாண்டு மாணவியர் பலர், 2005இல் முதல் பட்டம் வந்தபோது கைக்குழந்தைகள்.

2024 இறுதியில் அதே இரு அணிகள் மீண்டும் சந்தித்தன. இம்முறை பாஸ்டன் கல்லூரி 14–13 என வென்றது.