தட்டுல சிலந்தி... டேஸ்ட் பண்றீங்களா?

கம்போடியா போனா, தலைநகர் புனோம் பென்னிலிருந்து வடக்கே பஸ் ஏறுங்க. சுமார் 75 கிலோமீட்டரில் ஸ்குன் என்ற சின்ன ஊர். பஸ் நின்றதுமே தாம்பாளத்தோடு பெண்கள் சூழ்ந்துக்குவாங்க. எட்டிப் பார்த்தா... உள்ளங்கை அகலத்துக்குச் சிலந்திகள், குவியல் குவியலா!

பதறாதீங்க. பொந்திலிருந்து பிடிச்சு வந்து, உப்பு, சர்க்கரை, பூண்டு சேர்த்து எண்ணெயில் பொரிச்சது. முதல்ல ஒரு காலை உடைச்சு வாயில போடுங்க. மொறுமொறுன்னு இருக்கும். அடுத்து, தலைப்பக்கத்து வெள்ளைச் சதை. வயிறு மட்டும் உங்க தைரியத்தைப் பொறுத்தது. குடல், முட்டை எல்லாம் சேர்ந்து கொழகொழன்னு இருக்கும். அதைச் சாப்பிடாம ஒதுக்குறவங்களும் உண்டு.

'உவ்வே' சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்! 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சி. நாள் முழுக்க வயல் வேலை, சாப்பிட வெறும் தண்ணிக் கஞ்சி. பட்டினியால் செத்தவங்க ஏராளம். எலி, தவளை, பூச்சி, சிலந்தின்னு கையில் அகப்பட்டதைத் தின்றுதான் பலர் உயிரைப் பிடிச்சு வெச்சாங்க. சிலந்தி தின்னும் வழக்கம் பரவினதே அந்தப் பஞ்சத்துலதான்னு சொல்றவங்க உண்டு.

நமக்கு அது த்ரில். அந்தத் தலைமுறைக்கு அது ஒருவேளைச் சோறு. போட்டோ எடுங்க, தப்பில்லை. பிடிக்கலைன்னா வேண்டாம்னு சிரிச்சுட்டுச் சொல்லுங்க. விக்கிற அம்மா எதிரே மட்டும் முகத்தைச் சுளிச்சுடாதீங்க, ப்ளீஸ்!