வழியுணவு

கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றி, இறந்த நம்மவரை நினைவுகூரும் நவம்பர் மாதம் வரும்போதெல்லாம் ஓர் உபதேசியாரின் முகம் என் உள்ளத்தில் எழும். இறப்போர்க்கு ஆறுதல் கூறச் செல்லும் குருவுக்கே ஆறுதலின் பொருளைக் கற்றுத் தந்தவர் அவர்.

நான் அப்போது பணியாற்றிய பங்கின் கிளைக் கிராமம் ஒன்றில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உபதேசியாராய் இருந்தவர் அவர். குருவானவர் வந்துசேர இயலாத வேளைகளில், இறப்போரின் தலைமாட்டில் அமர்ந்து செபமாலை சொன்னவர். நன்மரணத்திற்காகச் சூசையப்பரிடம் மன்றாட ஊருக்கே கற்றுக்கொடுத்தவர். எண்பதைக் கடந்த நிலையில் 2009ஆம் ஆண்டு நோயில் விழுந்தார். பிள்ளைகள் என்னை அழைக்கத் தயங்கினர். சாமியார் எண்ணெயோடு வந்தால் முடிவு வந்துவிட்டதென்று அப்பா அஞ்சுவார் என எண்ணினர். பழைய தலைமுறை இந்த அருளடையாளத்தை ‘அவஸ்தைப் பூசுதல்’ என்றே அறிந்திருந்தது. இது சாகும் தறுவாயில் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தெளிவுபடுத்தியது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1972இல் அதன் சடங்கைப் புதுப்பித்தார். இன்று ‘நோயில் பூசுதல்’ என்கிறோம். பெயர் மாறிய அளவுக்கு நம் அச்சம் மாறவில்லை.

இறுதியில் அவரே எனக்கு ஆள் அனுப்பினார். தனித்திருந்தபோது மெல்லச் சொன்னார்: “பயமா இருக்கு சாமி. எத்தனையோ பேருக்கு நன்மரணச் செபம் சொன்னவன் நான். இப்ப என் வாயில செபமே வரல. எனக்கு விசுவாசமே இல்லையோ?”

குருமடத்தில் கற்ற உயிர்ப்பின் இறையியல் என் நாவில் ஆயத்தமாய் இருந்தது. கொரிந்தியருக்குப் பவுலடிகள் எழுதியதை விரிவாக எடுத்துரைத்தேன். அவர் மறுத்துப் பேசவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கூறியவை யாவும் உண்மையே. ஆனால் அவை அவருடைய அச்சத்தைத் தொடவில்லை. அஞ்சுகிறோமே என்ற நாணத்தைத்தான் பெருக்கின.

அன்றிரவு உறக்கம் வராமல் மாற்கு நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். கெத்சமனியில் நம் ஆண்டவர் அஞ்சி நடுங்கியதை நற்செய்தியாளர் மறைக்கவில்லை. துன்பக் கிண்ணம் அகலும்படி இயேசு வேண்டினார். தம்மோடு விழித்திருக்கும்படி சீடர்களைக் கேட்டார். அவர்களோ உறங்கிவிட்டனர். அன்று பகலில் அந்தக் கட்டிலருகே நானும் அவர்களைப் போலவே இருந்தேன் என்பது எனக்கு விளங்கிற்று. சிறுமலர் தெரேசாளும் 1896ஆம் ஆண்டின் பாஸ்காக் காலம் முதல் 1897 செப்டம்பரில் இறக்கும்வரை, விண்ணகத்தைப் பற்றிய இருளின் நடுவிலேதான் செபித்தார். அவரைத் திருச்சபை 1997இல் மறைவல்லுநராக அறிவித்தது. அப்படியிருக்க, அஞ்சுகிறவனை விசுவாசமற்றவன் என்பது எங்ஙனம்?

மறுநாள் மீண்டும் சென்றேன். மறையுரை ஆற்றவில்லை. கெத்சமனிப் பகுதியை மட்டும் வாசித்துவிட்டு அவர் கையைப் பற்றிக்கொண்டேன். “ஐயா, ஆண்டவரும் பயந்தார். உங்களுக்குச் செபம் வராவிட்டால் நாங்கள் சொல்கிறோம், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்” என்றேன். அவருடைய நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினேன். பின்னர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர் கற்றுக்கொடுத்த செபமாலையை அவருக்காகவே சொன்னார்கள். மங்கள வார்த்தை செபத்தின் பிற்பகுதியில் இரண்டு வேளைகளுக்காக அன்னையை வேண்டுகிறோம்: ஒன்று இந்த வேளை, மற்றொன்று நாம் இறக்கும் வேளை. வாழ்நாளெல்லாம் தொலைவில் இருந்த அவ்விரண்டும் அந்தச் சிறிய அறையில் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. மூன்றாம் மறைபொருளைத் தியானித்துக்கொண்டிருந்தபோது அவருடைய உதடுகள் அசையத் தொடங்கின.

நான்கு நாள்களுக்குப் பின் இறுதி நற்கருணையை எடுத்துச் சென்றேன். அதைத் திருச்சபை ‘வழியுணவு’ என்கிறது. பெற்றுக்கொண்டபின் அவர், “கட்டுச்சோறு கெடச்சாச்சு சாமி. பயம் போகல, ஆனா நடந்துருவேன்” என்றார். மறுநாள் விடியுமுன் இறைவனடி சேர்ந்தார்.

அன்பர்களே, உங்கள் இல்லத்தில் நோயுற்றோர் இருந்தால், அவர் நினைவோடிருக்கும்போதே குருவை அழையுங்கள். அஞ்சுகிறவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவருக்குச் செபம் வராவிடில், அவர் காதில் விழும்படி நீங்கள் செபியுங்கள். நமக்கும் அந்த வேளை வரும். அன்று நம் தலைமாட்டில் யாரேனும் விழித்திருக்க ஆண்டவர் அருள்வாராக.