என்ன வேலை செய்கிறீர்கள்?

ரயிலில் எதிர்ப்பலகையில் உட்கார்ந்திருப்பவர் நம்மைக் கேட்காத கேள்வி கிடையாது. எந்த ஊர், எத்தனை குழந்தைகள், என்ன உத்தியோகம், கைக்கு என்ன வருகிறது என்பதுவரை விசாரித்துவிட்டுத்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். ஆனால், காசு கொடுத்து நாம் பார்க்கப் போகிறோமே டாக்டர், அவர் பசி எப்படி, தூக்கம் எப்படி என்றெல்லாம் கேட்பார்; "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்கமாட்டார். கேட்காததால் என்ன குடி முழுகிப்போயிற்று என்கிறீர்களா? எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெரியப்பா கும்பகோணத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் கம்பாசிட்டராக இருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீசு, பள்ளிக்கூடக் கேள்வித்தாள் எல்லாம் அவர் கைவழியாகத்தான் ஊருக்குள் போகும். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக்கில் கோப்பார். அச்சாகி முடிந்ததும் பிரித்து, அதனதன் அறையில் திரும்பப் போடுவார். அறைகளின் அடியில் சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருக்கும். வாயால் ஊதித் தள்ளுவார். மத்தியானம் அதே கையை வேட்டியில் ஒரு துடை துடைத்துக்கொண்டு தயிர்சாதத்தைப் பிசைவார். எனக்கு ஏழு வயசில் என் பெயரை ஈய எழுத்தில் கோத்து, நூலால் கட்டி, "இந்தாடா, கண்ணாடியில் காட்டிப் படி" என்று கொடுத்தார். அதை எத்தனை நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன் என்பது ஞாபகமில்லை. நான் எழுத வந்ததற்கு அந்த ஈயத் துண்டுகளும் ஒரு காரணம்.

நாற்பது வயதுக்குமேல் பெரியப்பாவுக்கு வயிற்றுவலி வந்தது. வந்தால் சுருட்டிக்கொண்டு படுத்துவிடுவார். ஒரு டாக்டர் குடல் புண் என்றார். இன்னொருவர் பூச்சி மருந்து கொடுத்தார். நாட்டு வைத்தியர் உஷ்ணம் என்று சொல்லி எண்ணெய்க் குளியல் போடச் சொன்னார். பிறகு வலது மணிக்கட்டு துவண்டு தொங்க ஆரம்பித்தது. எழுத்தைப் பொறுக்க வந்த விரல்கள் அறைமேல் அப்படியே விழுந்து கிடக்கும். வாதம் என்றார்கள். வேலை போயிற்று. நாலு வருஷம் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார். ஆறேழு டாக்டர்கள் பார்த்தார்கள். ஒருவராவது தொழிலைக் கேட்டதாகப் பெரியம்மாவுக்கு ஞாபகமில்லை.

எனக்கு இது உறைத்தது என் கை வலித்த பிறகுதான். போன வருஷம் வலது மணிக்கட்டில் வலி. இளம் வயது டாக்டர் அம்மாள் ஒருவரிடம் போனேன். கையைத் தொடுவதற்கு முன்பே, "சார், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். கதை எழுதுகிறேன் என்றேன். சிரிக்கவில்லை. ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம், மேஜை எவ்வளவு உயரம் என்று விசாரித்தார். தொழிற்சாலை டாக்டர்களுக்கென்று இருக்கிற மூன்று மாதப் படிப்பைப் படித்தவராம். "படிப்பில் பாதி இந்த ஒரு கேள்விதான் சார். மீதிப் பாதி, பதில் கிடைத்ததும் எழுந்து போய் அந்த இடத்தைப் பார்ப்பது" என்றார்.

அந்தக் கேள்விக்கு ஒரு தகப்பனார் உண்டு என்பதையும் அவர்தான் சொன்னார். இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ராமசினி; 1633இல் பிறந்தவர். மோடெனா நகரில் ஒருநாள், மலக்குழி சுத்தம் செய்கிற ஓர் ஆள் வெறிபிடித்தவன்போல் அவசர அவசரமாக வேலை செய்வதைப் பார்த்தார். ஏன் இந்தப் பறப்பு, நிதானமாகச் செய்யலாமே என்றார். சில மணி நேரத்துக்குமேல் உள்ளே இருந்தால் கண் அவிந்துபோகும் என்றான் அவன். ராமசினி அவன் கண்களைப் பார்த்தார்; சிவந்து மங்கிக் கிடந்தன. அன்று தொடங்கிய விசாரணை 1700இல் தொழிலாளரின் நோய்களைப் பற்றிய புத்தகமாக வெளிவந்தது. நோயாளியிடம் கேட்கவேண்டியவை என்று பழைய கிரேக்க வைத்தியர்கள் வகுத்த கேள்விகளோடு, "உன் தொழில் என்ன?" என்பதையும் சேர்த்துக்கொள் என்றார் அவர். ஏழை வீட்டுக்குப் போனால் முக்காலியில் உட்கார்ந்து பேசு, நாடி பிடித்துவிட்டு ஓடாதே என்றும் சொன்னார். 1713இல் புத்தகத்தில் மேலும் சில தொழில்களைச் சேர்த்தார். அச்சுத் தொழிலாளிக்கு ஓர் அத்தியாயம். எழுத்து வேலை செய்கிறவனுக்கு ஓர் அத்தியாயம். பெரியப்பாவும் நானும் ஒரே புத்தகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறோம்! ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கையை ஒரே விதமாக ஆட்டுதல், மன உளைச்சல் என்று எனக்கு அவர் எழுதிய மூன்று காரணங்களில் இன்றும் ஒன்றைத் தள்ளமுடியாது.

கேள்வி கிடைத்தால் போதுமா? கேட்கிற ஆள் வேண்டும். அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற டாக்டர் அம்மாள் 1910இல் இல்லினாய் மாகாணத்தின் ஆலைகளை ஏறி இறங்கி, ஈயம் யாரை எப்படித் தாக்குகிறது என்று பார்த்தார். அவரை 1919இல் ஹார்வர்டு சர்வகலாசாலை உபாத்தியாயராக எடுத்துக்கொண்டது. அங்கே பாடம் சொல்ல வந்த முதல் பெண் அவர். ஆனால் ஆசிரியர் சங்கத்துக்குள் நுழையக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் வரக்கூடாது என்று நிபந்தனை. ஈயப் புகைக்குள் நுழையத் தடையில்லை, ஊர்வலத்துக்குத்தான் தடை!

நம் நாட்டில் இந்தப் படிப்பின் அவசியம் உறைக்க ஒரு ராத்திரி வேண்டியிருந்தது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் போபாலில் விஷவாயு கசிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அது என்ன வாயு, அதற்கு என்ன மருந்து என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. ஊருக்குள்ளேயே இருந்த ஆலையில் என்ன தயாராகிறது என்பது வைத்தியம் செய்கிறவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, அபாயமான ஆலைகளுக்குத் தனி அத்தியாயமே சேர்த்தார்கள்.

டாக்டர் அம்மாளிடம், அந்தப் படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டேன். மூலப்பொருள் வந்து இறங்குகிற வாசலில் ஆரம்பித்து, கழிவு போகிற வாய்க்கால்வரை நடக்கச் சொல்வார்களாம். தொழிலாளியின் சட்டைக் காலரில் சின்னக் குழாயைப் பொருத்தி, அவன் மூச்சுக்குப் போகிற காற்றையே இழுத்து அளப்பார்களாம். முதலில் விஷத்தையே அகற்றப் பார். முடியாவிட்டால் சாதுவான பொருளை வை. அதுவும் முடியாவிட்டால் புகையை வெளியே இழு. முகமூடி கடைசி உபாயம் என்பது அரிச்சுவடிப் பாடம். சம்பளமில்லாத தொழிலாளியும் இதில் சேர்த்தி. 1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்கப் பேராசிரியர் குஜராத் கிராமங்களில் சமைக்கிற பெண்களுக்கு இப்படிக் குழாயை மாட்டி அடுப்புப் புகையை அளந்தார். பின்னால் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் இந்த வித்தை வேரூன்றியது. ஏழை நாட்டு டாக்டர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் இதில் பயிற்சி தர 1995இல் அமெரிக்க அரசாங்கமே ஒரு திட்டம் தொடங்கியது.

இருந்தும் போதவில்லை. வேலையால் வரும் நோயிலும் விபத்திலும் ஆண்டுக்கு சுமார் 29 லட்சம் பேர் சாகிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023இல் கணக்குச் சொன்னது. அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோவது விபத்தல்ல, நோய்தான். விபத்தென்றால் கூட்டம் கூடும். நோய் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கும்.

கடைசியில் பெரியப்பாவின் கதையைச் சொல்லி, "ஈயம்தானா அம்மா?" என்று கேட்டேன். டாக்டர் அம்மாள் சட்டென்று ஆம் என்று சொல்லவில்லை. "வயிற்றுவலியும் மணிக்கட்டும் சேர்ந்து வந்ததால் சந்தேகம் வரத்தான் வேண்டும். ரத்தத்தைச் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். ஈயந்தான் என்றால் முதலில் அந்த வேலையிலிருந்து விலக்கியிருப்போம். கை ஓரளவு திரும்பியிருக்கலாம். இப்போது எப்படிச் சொல்வது சார்?" என்றார்.

டாக்டர்களைக் குறை சொல்லிக்கொண்டே வந்தேன். வீடு திரும்பும்போது வேறொன்று தோன்றியது. கதையில் ஒரு பாத்திரம் வந்தால் முதலில் அவனுக்கு ஓர் உத்தியோகம் கொடுத்துவிட்டுத்தான் பெயர் வைக்கிறவன் நான். அந்தத் திண்ணையில் பெரியப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாடம் படித்தேன். அவர் என்ன வேலை செய்தார் என்று எனக்குத் தெரியும். அந்த வேலை அவரை என்ன செய்தது என்று நானும் கேட்கவில்லை.

மேஜையின் உயரத்தைக் குறைத்துக்கொண்டேன். என் கை இப்போது சௌக்கியம்.